ஓட்டுநர் காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார்? ராமநாதபுரம் கடற்கரையில் கச்சேரி வண்டி நடத்தப் போகிறவர்களுக்கு

மெல்லிசைக் குழுவில் புதிதாகச் சேர்ந்து மேனேஜர் என்ற பட்டத்தைச் சுமக்கிற இளைஞர்கள் என்னிடம் முதலில் கேட்பது, விழாக் கமிட்டியிடம் பாக்கிப் பணத்தை எப்படி வாங்குவது என்பதைத்தான். அடுத்த கேள்வி, பாடகர் வராமல் போனால் என்ன செய்வது. வண்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. போன் போட்டால் வரும், டீசல் போட்டால் ஓடும், அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைக்கிறார்கள்.

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு முளைப்பாரித் திருவிழா வரைக்கும். சாயல்குடிப் பக்கம் ஓர் ஊர். கச்சேரி முடிந்து, பெட்டிகளை ஏற்றி, கமிட்டியார் போட்ட கறிச்சோற்றைச் சாப்பிட்டுக் கிளம்பியபோது நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. அரை மணி நேரம் போயிருக்கும். ஜன்னல் கம்பியில் தலை மோதி நான் விழித்தபோது வேன் சாலையில் இல்லை. மணலில் இறங்கி, சீமைக் கருவேலப் புதருக்குள் மூக்கை நுழைத்து நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். "தூங்கவில்லை அண்ணே, கண்ணை மூடித் திறந்தேன், அவ்வளவுதான்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு கீபோர்டு உடைந்தது, தபேலாக்காரருக்கு முன்பல் ஒன்று போனது.

மறுநாள் ஆற அமர உட்கார்ந்து அந்த ஓட்டுநரின் நாளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறார். பத்து மணிக்கு ஷெட்டில் பெட்டி ஏற்றக் கை கொடுத்திருக்கிறார். மதியம் வண்டி ஓட்டி, ஊரில் பெட்டி இறக்கி, கச்சேரி முழுவதும் மேடைக்குப் பின்னால் நின்று பாட்டுக் கேட்டு, மறுபடியும் பெட்டி ஏற்றியிருக்கிறார். வண்டி சாலையை விட்டு இறங்கிய நேரத்தில் அவர் கண் விழித்து 21 மணி நேரம் ஆகியிருந்தது. ஆனால் அன்று முழுவதும் அவர் வண்டி ஓட்டியது இரண்டு மணி நேரத்துக்குப் பக்கம்தான். "இரண்டு மணி நேரம் ஓட்டியவருக்கு என்ன களைப்பு" என்று நான் நினைத்ததுதான் தவறு. கச்சேரித் தொழிலில் ஓட்டுநரைக் களைக்க வைப்பது தூரமல்ல, காத்திருப்பு.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள்

குயர் நோட்டு ஒன்று போதும். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பக்கம். அதில் ஓட்டுநர் தூங்கி எழுந்த நேரம், வேலை தொடங்கிய நேரம், ஓட்டிய நேரம், இடையில் ஓய்ந்த நேரம், வேலை முடிந்த நேரம், அன்றிரவு படுத்த இடம் ஆகியவற்றை எழுதுங்கள். டிராவல்ஸ் நிறுவனம் கொடுக்கும் டிரிப் ஷீட்டில் கிலோமீட்டரும் டீசலும் மட்டும் இருக்கும். அது வண்டியின் கணக்கு. நாம் எழுதுவது ஆளின் கணக்கு.

எழுந்த நேரத்தைக் கேட்கும்போது சில ஓட்டுநர்கள் முகம் சுளிப்பார்கள். "இருபது வருடமாக ஓட்டுகிறேன் தம்பி" என்பார்கள். கோபப்படாதீர்கள். "உங்களை நம்பாமல் இல்லை அண்ணே, கமிட்டிக்காரர்களிடம் காட்டத்தான்" என்று சொல்லிப் பழகுங்கள். அது பொய்யும் இல்லை. எப்படிக் காட்டுவது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சட்டத்தில் இருக்கும் எண்கள்

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் போக்குவரத்து நிறுவனங்களுக்காக எழுதப்பட்டது. "எங்களிடம் ஒரு வேன், ஒரு ஓட்டுநர், எங்களுக்கு எதற்கு" என்று சின்னக் குழுக்கள் தப்பிக்கப் பார்க்கும். தப்ப முடியாது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 91ஆம் பிரிவு, போக்குவரத்து வாகனத்தை ஓட்டுகிற எவருக்கும் வேலை நேரம் அந்த 1961 சட்டத்தின்படியே இருக்க வேண்டும் என்கிறது. மஞ்சள் பலகை வண்டி என்றால் இந்தக் கணக்கு உண்டு.

அந்தச் சட்டம் வைத்த கணக்கு இது: ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தொலைதூரப் பயணம், திருவிழா போன்ற சமயங்களில் உரிய அதிகாரியின் ஒப்புதலோடு இதை நாளுக்கு 10, வாரத்துக்கு 54 என்று நீட்டலாம், அதற்கு மேல் கூடாது. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவில் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும். வேலை தொடங்கியதிலிருந்து முடிகிற வரை, ஓய்வையும் சேர்த்து, 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள் 9 மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு. வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. வண்டி பழுது, போக்குவரத்து முடக்கம், இயற்கைச் சீற்றம் ஆகியவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு. பாடகி இன்னும் இரண்டு பாட்டுப் பாட வேண்டும் என்று ஊர்ப் பெரியவர் ஆசைப்பட்டது அந்தப் பட்டியலில் இல்லை.

2025 நவம்பர் 21 அன்று புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்து, இந்தப் பழைய சட்டத்தின் இடத்தை அவற்றில் ஒன்று எடுத்துக்கொண்டது. அங்கும் நாளுக்கு 8 மணி நேரம்தான் அடிப்படை. கூடுதல் வேலைக்கு இரட்டைக் கூலி, அதுவும் தொழிலாளி சம்மதித்தால்தான். என் நோட்டில் நான் இன்னும் பழைய 5, 8, 9, 12 என்ற நான்கு எண்களையே முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். கச்சேரி இரவை அளக்க அவற்றைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

புதியவர்கள் கோட்டை விடுவது இன்னோர் இடத்தில். "வேலை நேரம்" என்பதற்கு 1961 சட்டம் தந்த விளக்கத்தில் வண்டி ஓடும் நேரம் மட்டும் இல்லை. வண்டியைத் துடைப்பது, பழுது பார்ப்பது, சுமை ஏற்றுவது, இறக்குவது எல்லாம் துணை வேலையாக அதற்குள் வருகின்றன. ஷெட்டில் அவர் ஒரு பேஸ் பெட்டியின் மறுமுனையைப் பிடித்த நொடியில் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது. சும்மா காத்திருந்த நேரம் வேலையாகுமா என்று வேண்டுமானால் வாதாடலாம். ஆனால் அந்த 12 மணி நேர எல்லை காத்திருப்பையும் சேர்த்தே விழுங்குகிறது.

எங்கள் கீபோர்டு கலைஞர் ஒருவர் ஐரோப்பாவில் ஈழத் தமிழர்கள் நடத்திய நிகழ்ச்சிகளுக்குப் போய்விட்டு வந்து ஒரு குறை சொன்னார். ஹோட்டலுக்கு அரை மணி நேரத் தூரம் இருக்கும்போது பஸ் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, முக்கால் மணி நேரம் இறங்கி நின்றாராம். குளிரில் எல்லாரும் திட்டினார்களாம். அங்கே நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும், ஒரு நாளைக்குச் சாதாரணமாக 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்ட முடியாது. ஓட்டியதையும் நிறுத்தியதையும் வண்டியில் இருக்கும் டேக்கோகிராஃப் என்ற கருவி பதிவு செய்துகொண்டே இருக்கும். நம் ஊரில் அந்த வேலையைத்தான் குயர் நோட்டு செய்கிறது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

ராமநாதபுரத்தில் ஷெட். சாயல்குடிப் பக்கம் கச்சேரி. பழைய வழக்கப்படி காலை 10 மணிக்கு ஓட்டுநர் சுமை ஏற்ற வருகிறார். மதியம் ஒன்றுக்குக் கிளம்பி இரண்டரைக்குச் சேர்கிறீர்கள். இறக்கி முடிக்க நான்கு. கச்சேரி ஏழு முதல் பத்து வரை. 10 மணியோடு 12 மணி நேரத்தைக் கூட்டினால் இரவு 10. அதாவது கடைசிப் பாட்டு முடிகிற நேரத்தில் ஓட்டுநரின் நாளும் முடிந்துவிட்டது. திரும்பும் பயணத்துக்கு அவரிடம் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை.

தீர்வு மூன்று உண்டு. முதலாவது, ஓட்டுநரைச் சுமை ஏற்ற அழைக்கவே கூடாது. அவர் மதியம் சாப்பிட்டுவிட்டு, ஒரு மணிக்கு நேராகச் சாவியோடு வந்தால் போதும். அப்போது நள்ளிரவு 1 மணி வரை அவருக்கு நேரம் இருக்கிறது. 11:30க்குச் சுமை ஏற்றி முடித்தால் வீட்டுக்கு வந்து சேரலாம். பெட்டி தூக்க ஓர் ஆளைக் கூடுதலாகப் போடுங்கள். அந்தக் கூலியை மிச்சம் பிடிக்கப் பார்த்துத்தான் நான் கீபோர்டை இழந்தேன்.

இரண்டாவது, திரும்பும் பயணத்துக்கு ஒரு ஆக்டிங் டிரைவர். அவர் பகலில் தூங்கி, மாலை பஸ்ஸில் ஊருக்கு வந்து சேர வேண்டும். வரும்போதே நம் வேனில் ஏறி, உட்கார்ந்தபடி நம்மோடு விழித்திருந்தவர் புதிய ஆள் அல்ல, களைத்த இன்னோர் ஆள். அவருடைய உரிமத்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வேன், சிறிய சரக்கு வண்டி ஆகியவற்றை இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவரே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. அதைவிடப் பெரிய லாரிக்கும் பஸ்ஸுக்கும் அது செல்லாது.

மூன்றாவது, தங்கிவிடுவது. இதுதான் எனக்குப் பிடித்தது. மறுநாள் தொண்டியில் கச்சேரி என்றால் வேறு வழியே இல்லை. இரவு 12க்கு வேலை முடிந்தால் 9 மணி நேரம் கழித்துக் காலை 9. அதற்கு முன் அந்த ஓட்டுநர் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. பாடகர்களுக்கு விடிந்ததும் தனுஷ்கோடி பார்க்கும் ஆசை வரும். "பக்கத்தில்தானே, ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம்" என்பார்கள். ஆட்டோ பிடித்துக் கொடுத்து அனுப்புங்கள்.

கமிட்டியோடு பேசும்போது

அட்வான்ஸ் வாங்கும் அன்றே நான்கு விஷயங்களைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: நிகழ்ச்சி முடியும் நேரம், வண்டி நிற்கும் இடம், ஓட்டுநருக்கு இரவு 7 மணிக்குள் சாப்பாடு, ஓட்டுநர் படுக்க ஓர் அறை. பாக்கிப் பணத்தைப் பேசுவதற்கு முன்பே இதைப் பேச வேண்டும்.

முடியும் நேரத்துக்குச் சட்டமே உங்கள் பக்கம் நிற்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. பண்டிகை, கலை நிகழ்ச்சிகளுக்காக மாநில அரசு வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்தலாம், அவ்வளவே. காவல் நிலையம் கொடுத்த அனுமதிக் கடிதத்தின் நகலை மேடையில் சவுண்ட் மிக்ஸர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். அதன் கீழே உங்கள் நோட்டின் அன்றைய பக்கத்தை வையுங்கள். "இன்னும் ஒரு மணி நேரம்" என்று வருகிறவருக்கு "காவல்துறை விடாது" என்பதைவிட "ஓட்டுநர் அண்ணன் காலை ஆறுக்கு எழுந்தவர், பதினோரு மணியோடு 17 மணி நேரம் ஆகிவிடும் ஐயா" என்று சொன்னால் எடுபடுகிறது. இந்தக் கரையில் வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர் இல்லாத தெரு கிடையாது.

17 என்பது நான் கற்பனை செய்த எண் அல்ல. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 100 மில்லிக்கு 50 மி.கி. மது ஏறியவரைப் போலத் தடுமாறுகின்றன என்று 1997இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. 24 மணி நேரம் ஆனால் 100 மி.கி.க்குச் சமம். நம் சட்டம் ஓட்டுநருக்கு அனுமதிக்கும் எல்லை 30 மி.கி. ஆக, ஒரு சொட்டுக் குடிக்காத உத்தமர்கூட இரவு பதினொன்றரைக்குக் குடிகாரராகிவிடலாம். ஊதச் சொன்னால் கருவி காட்டாது, அதுதான் வித்தியாசம்.

குடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கமிட்டியில் யாராவது ஒருவர் அன்பு மிகுதியால் ஓட்டுநரை ஓரமாக அழைத்துக் "கவனிக்க" நினைப்பார். முன்கூட்டியே கைகூப்பிச் சொல்லிவிடுங்கள். முதல் முறை பிடிபட்டாலே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சளி மாத்திரையும் இதே குடும்பம்தான். தும்மலுக்குக் கடைக்காரர் கொடுக்கும் மாத்திரைகளில் பல தூக்கத்தை வரவழைப்பவை. அன்று ஓட்டுநர் மாத்திரை போட்டாரா என்றும் நோட்டில் எழுதுங்கள்.

ஓட்டுநர் எங்கே தூங்குவார்?

மேடை எங்கே, ஜெனரேட்டர் எங்கே என்று ஊருக்குள் நுழைந்ததும் கேட்கிறோம். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது.

வேனிலேயே படுத்துக்கொள்வார் என்பது வழக்கமான பதில். சித்திரை, வைகாசியில் இந்தக் கரையில் பகல் இரண்டு மணிக்கு நிறுத்தி வைத்த வேனுக்குள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பார்த்துவிட்டு அந்தப் பதிலைச் சொல்லுங்கள். ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு தூங்கட்டும் என்பது இன்னும் மோசம். வண்டி வழக்கமாக நிற்பது மேடைக்குப் பின்னால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில். ஜெனரேட்டர் புகையிலும், நின்றபடி ஓடும் எஞ்சின் புகையிலும் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. நிறமில்லை, மணமில்லை. தூங்குகிறவர் அது தெரியாமலே போய்விடுவார். எஞ்சின் ஓட மூடிய வண்டிக்குள் யாரும் தூங்கக் கூடாது, இதில் சமரசமே கிடையாது.

நான் பார்ப்பது மின்விசிறி உள்ள ஓர் அறை, மேடையிலிருந்து இரண்டு தெருவாவது தள்ளி. பங்குக் கோயில் மண்டபம், பள்ளிவாசலை ஒட்டிய அறை, பள்ளிக்கூட வகுப்பறை, கமிட்டித் தலைவரின் மாடி என்று எதுவானாலும் சரி. கச்சேரி தொடங்குமுன் ஓட்டுநர் சாப்பிட்டுவிட்டு அங்கே போய்விட வேண்டும். இட்லி, இடியாப்பம் போல வயிற்றைக் கனக்க வைக்காத சாப்பாடு. கந்தூரி பிரியாணியை மறுநாள் காலைக்குக் கட்டிக் கொடுக்கலாம். ஏழரை முதல் பத்து வரை இரண்டரை மணி நேரம் அவர் கண்ணயர்ந்தால் உங்கள் பயணமே வேறு. பழைய சட்டம் சொன்ன 9 மணி நேர ஓய்வுக்கு இது ஈடாகாது, அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஆனால் உயிரைக் காப்பது இந்தத் தூக்கம்தான்.

ஒரு சிக்கல் உண்டு. ஓட்டுநர்கள் பாட்டுப் பிரியர்கள். நல்ல பாட்டு வந்தால் எழுந்து மேடைக்கே வந்துவிடுவார்கள். எங்கள் ஓட்டுநர் ஒருவருக்காக அவருக்குப் பிடித்த இரண்டு பாட்டுகளை நிகழ்ச்சியின் முதலிலேயே வைத்து, கேட்டுவிட்டுப் போய்ப் படுக்கச் சொல்லும் வழக்கம் சில வருடம் இருந்தது.

இரவு தங்குவதாக இருந்தால் அதே ஊரில் தங்காதீர்கள். கோயில் கொடை நடக்கும் ஊரில் விதி என்ன சொன்னாலும் விடிவதற்கு முன்பே குழாய் ஒலிபெருக்கி பாட ஆரம்பித்துவிடும். கீழக்கரையிலோ ராமநாதபுரத்திலோ ஒரு லாட்ஜ் அறை போட்டுக் கொடுங்கள். பேட்டா வேறு, அறை வாடகை வேறு. இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் ஓட்டுநர் அறை எடுக்காமல் வண்டியில் படுத்து, பணத்தை வீட்டுக்குக் கொண்டுபோவார். அவர் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதையேதான் செய்வீர்கள். ஆகவே அறைக்கு நீங்களே பணம் கட்டுங்கள்.

வண்டி, சுமை, ஆள்

ஆளுக்கு ஒரு வண்டி, பெட்டிக்கு ஒரு வண்டி. ஸ்பீக்கர்களின் மேல் தார்ப்பாய் விரித்து, அதன் மேல் சவுண்ட் சர்வீஸ் பையன்கள் படுத்து வருவதை இந்தப் பக்கத்துச் சாலைகளில் இன்றும் பார்க்கலாம். பிரேக் போட்டால் அவர்கள்தான் முதலில் பறப்பார்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது பெர்மிட்டுக்கு விரோதம், விபத்தானால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அது ஒன்றே போதும். வெள்ளைப் பலகைக் காரை வாடகைக்கு எடுப்பதும் அப்படித்தான்.

கனமான பேஸ் பெட்டிகளும் ஆம்ப்ளிஃபையர் ரேக்கும் கீழே, கேபினை ஒட்டி. லேசானவை மேலே. கயிறு கட்டிய பிறகு பத்து கிலோமீட்டர் போய் ஒருமுறை இறங்கி இழுத்துப் பாருங்கள், எல்லாக் கயிறும் தளர்ந்திருக்கும்.

கடற்கரை வண்டிக்கென்று ஒரு நோய் உண்டு. உப்புக் காற்று. பிரேக் குழாய், லீஃப் ஸ்பிரிங் பட்டையின் போல்ட், பேட்டரி முனை, பின் விளக்கின் உள்பகுதி எல்லாவற்றையும் அது அரிக்கும். இரவில் பின் விளக்கு எரியாத வண்டி பின்னால் வருகிறவனுக்குச் சுவர். ஒவ்வொரு கடற்கரைப் பயணத்துக்குப் பின்னும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி, முக்கோண எச்சரிக்கைப் பலகை இருக்கின்றனவா என்று கிளம்புமுன் கண்ணால் பாருங்கள், கேட்டுத் தெரிந்துகொள்ளாதீர்கள். ஆவணங்களுக்கு டிஜிலாக்கர் போதும்.

ஊருக்குள் வந்ததும் கூட்டம் சேருமுன்பே வண்டியைத் திருப்பி, வெளியே பார்த்து நிறுத்திவிடுங்கள். கடல் மணலில் இறக்காதீர்கள். இது முக்கியம்: கச்சேரி முடிந்த பின் கிளீனர் டார்ச் அடித்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, அடியிலும் குனிந்து பார்க்காமல் சாவியைத் திருகக் கூடாது. பாய் விரித்துப் பாட்டுக் கேட்க வந்தவர்கள் அப்படியே தூங்கிப்போயிருப்பார்கள். குழந்தைகள் சக்கரத்துக்குத் தலை வைத்துக்கூடப் படுத்திருப்பார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

பாதையைப் பற்றி

மதுரையிலிருந்து வருகிறவர்களுக்குப் பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை. அதற்கப்பால் ராமநாதபுரம் வரை இருவழி. அதை நான்கு வழியாக்க 2025இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்திருக்கிறது, வேலை முடிகிற வரை எதிர்வரும் விளக்குகளோடுதான் வாழ வேண்டும். நான்கு வழியில் வந்த வேகம் காலில் ஒட்டிக்கொண்டிருக்கும். பரமக்குடியில் ஒரு டீக்கு நிறுத்தினால் அது இறங்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலை வேறு மாதிரி. நேராக, காலியாக, ஒரே மாதிரியாகப் போகும் சாலைதான் தூங்க வைக்கும். இரு பக்கமும் கருவேலம் சாலை வரை நெருங்கி நிற்பதால் ஆடு மாடு எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. மீன் வண்டிகள் சிந்திய பனிக்கட்டித் தண்ணீர் வளைவுகளில் வழுக்கும். விடிகாலை மூன்று, நான்கு மணிக்கு வலையும் கூடையுமாக இருசக்கர வாகனத்தில் கரைக்குப் போகிறவர்கள் இருட்டில் திடீரென்று எதிரே நிற்பார்கள். நம் ஓட்டுநருக்கு உறக்கம் அழுத்துவதும் அதே நேரத்தில்தான். இரண்டு முதல் ஐந்து வரை மனித உடம்பு தன் வசத்தில் இருப்பதில்லை. 60 கி.மீ. வேகத்தில் நான்கு நொடி கண் மூடினால் வண்டி 67 மீட்டர் தானாகப் போகும். அந்த மூன்று மணி நேரத்தில் சாலையில் இருக்கும்படி எந்தப் பயணத்தையும் நான் வகுப்பதில்லை.

ராமேஸ்வரம் கச்சேரிக்குப் பாம்பன் பாலத்தைக் கடந்தாக வேண்டும். 1988இல் திறந்த அந்தச் சாலைப் பாலம் இரண்டேகால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். நடுவில் உயர்ந்து போகும்போது பக்கவாட்டுக் காற்று வண்டியைத் தள்ளும். சுமை ஏற்றிய லாரியைவிட, பெட்டிகளை இறக்கிவிட்டு வெறும் தார்ப்பாயோடு திரும்பும் உயரமான வண்டிதான் அதிகம் ஆடும். தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டிவிட்டு, மெதுவாக, நிற்காமல் கடக்க வேண்டும். குழுவில் யார் படம் எடுக்கக் கெஞ்சினாலும் பாலத்தில் நிறுத்தாதீர்கள். வேறு யாராவது நிறுத்தியிருப்பார்கள் என்பதையும் எதிர்பாருங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய செய்தி வந்தால் கமிட்டிக்குப் போன் போட்டுத் தேதியை மாற்றப் பேசுங்கள்.

இமானுவேல் சேகரன் நினைவு நாளான செப்டம்பர் 11, தேவர் ஜெயந்தி நாளான அக்டோபர் 30 ஆகியவற்றை ஒட்டி மாவட்டத்தில் தடை உத்தரவும் வாடகை வாகனங்களுக்குக் கட்டுப்பாடும் இருப்பது வழக்கம். சோதனைச் சாவடியில் நிற்கும் நேரமும் ஓட்டுநரின் 12 மணி நேரத்தில்தான் சேரும். அந்த வாரங்களில் தேதி கொடுக்குமுன் காவல் நிலையத்தில் விசாரியுங்கள்.

திரும்பும்போது முன் சீட்டு

எங்கள் குழுவில் முன் சீட்டு கௌரவ இருக்கை அல்ல, ஒரு வேலை. அதில் உட்காருகிறவர் தூங்கக் கூடாது. ஒரு மணி நேரத்துக்கு ஓர் ஆள், முறை வைத்து. அவர் ஓட்டுநரோடு பேச வேண்டும், பதில் எப்படி வருகிறது என்று கவனிக்க வேண்டும். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே இடைவெளி நீண்டால், வண்டி வெள்ளைக் கோட்டைத் தொட்டுத் தொட்டு மீண்டால், ஓட்டுநர் காரணமில்லாமல் வேகத்தைக் கூட்டிக் குறைத்தால் உடனே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் அவருக்கு உண்டு. பதினெட்டு வயது டோலக் பையனாக இருந்தாலும் உண்டு. மூத்த பாடகருக்கு இது பிடிக்காமல் போகலாம், போகட்டும்.

முகம் கழுவுவது, வெற்றிலை போடுவது, ஜன்னலைத் திறந்து காற்று வாங்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான். வெளிச்சம் உள்ள பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி, ஓட்டுநருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்து, குடித்த உடனே இருபது நிமிடம் படுக்கச் சொல்லுங்கள். காபி வேலை செய்ய அரை மணி நேரம் போல ஆகும். அவர் எழும் நேரத்தில் அதுவும் எழும். இது வீடு வரை கொஞ்ச தூரம் கொண்டுபோய்ச் சேர்க்கும் உபாயம், இரவு முழுவதும் ஓட்ட அல்ல. இரண்டாவது முறையும் கண் செருகினால் அங்கேயே விடிய விடிய நிற்க வேண்டியதுதான்.

அசம்பாவிதம் நடந்துவிட்டால் வண்டியைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். 108க்கு அழையுங்கள், காவலுக்கு 112, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033. முக்கோணப் பலகையைப் பின்னால் ஐம்பது மீட்டராவது தள்ளி வையுங்கள், பெட்டிகளை மீட்க யாரும் சாலையில் நிற்கக் கூடாது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது சட்டப்படி ஓட்டுநரின் கடமை. 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். உதவ வரும் வழிப்போக்கருக்கு வழக்குத் தொல்லை வராமல் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் காப்பளிக்கிறது. தயங்குகிறவர்களிடம் அதைச் சொல்லுங்கள். அன்று காலையில் எழுதத் தொடங்கிய நோட்டுப் பக்கம் விசாரணையில் ஓட்டுநருக்கும் உங்களுக்கும் கைகொடுக்கும். பின்னால் உட்கார்ந்து எழுதிய பக்கம் கைகொடுக்காது, மையின் நிறமே காட்டிக்கொடுத்துவிடும்.

வண்டி ஷெட்டுக்கு வந்ததும் சாவியை ஓட்டுநரிடமிருந்து நான் வாங்கிக்கொள்கிறேன். நோட்டில் நேரம் எழுதி, அவர் கையெழுத்துப் போடுகிறார். நேற்று இரவு 12:40 என்று எழுதியிருந்தது. காலை எட்டு மணிக்கே ஒரு பெரியவர், பெண் பார்க்கப் போக வேன் வேண்டும் என்று வந்து நின்றார். ஓட்டுநரும் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டார். நோட்டை எடுத்துப் பார்த்தேன். பெரியவருக்கு ஒரு டீ சொல்லிவிட்டு, வேறு வண்டிக்குப் போன் போட்டுக் கொடுத்தேன்.